கடைக்காரர் கணக்கு

சலூன்களிலும் டீக்கடைகளிலும் ஒரு போர்டு தொங்கும்: ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்.’ அதற்கு நேர் கீழே உட்கார்ந்துதான் ஆட்சியையே கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். கடைக்காரர் கண்டுகொள்ள மாட்டார். கைகலப்பு ஆகும்போல இருந்தால் மட்டும், ‘டீ குடிச்சாச்சுல்ல, கெளம்புங்க’ என்பார். பெஞ்ச் உடைந்தால் நஷ்டம் அவருக்கு.

அந்த பெஞ்ச் இப்போது ஃபேஸ்புக்கிலும் எக்ஸிலும் வாட்ஸ்அப்பிலும் கிடக்கிறது. பேச்சு அதேதான். கடைக்காரர்தான் வேறு ஆள்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டத்தை எந்தக் கட்சியும் லாரி பிடித்து அழைத்து வரவில்லை. கையிலிருந்த போன்தான் அழைத்து வந்தது. ஆசிரியருக்குக் கடிதம் போட்டுவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு இது சின்ன விஷயமில்லை. (எங்களைப்போலப் பத்தி எழுதுகிறவர்களின் ஏகபோகம் போனதில் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். அது வேறு கதை.)

அரசாங்கம் பயந்தது. 2012 நவம்பரில் பால் தாக்கரே மறைந்து மும்பை முடங்கியபோது, ‘எதற்கு இந்த பந்த்?’ என்கிற மாதிரி ஃபேஸ்புக்கில் எழுதினார் பால்கர் ஊர் இளம்பெண் ஒருவர். தோழி ஒரு லைக் போட்டார். ரெண்டு பேரும் கைது! அதற்கு முந்தைய மாதம், மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் போட்ட புதுச்சேரிக்காரரும் கைதானார். கைகொடுத்தது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. 2015 மார்ச் 24-ல் சுப்ரீம் கோர்ட் அதைத் தூக்கிக் கடாசியது. செத்துப்போன அந்தப் பிரிவில் போலீஸ் அப்புறமும் வழக்குப் போடுவதைக் கேட்டு, 2021-ல் நீதிபதிகளே அதிர்ந்துபோனார்கள்.

போலீஸாவது பரவாயில்லை, கோர்ட்டுக்குப் போகலாம். கடைக்காரரை என்ன செய்வது?

நான் படித்தது பி.காம். வரவு எங்கிருந்து என்றுதான் முதலில் பார்ப்பேன். ஃபேஸ்புக், வாட்ஸ்அப் இரண்டையும் வைத்திருக்கும் மெட்டாவின் 2023 வருமானம் சுமார் 13,490 கோடி டாலர். அதில் கிட்டத்தட்ட 98 சதவிகிதம் விளம்பரம். நாம் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கிறோமோ, அவ்வளவு கல்லா. சண்டை நடக்கிற கடையைவிட்டு யார் எழுந்து போவார்கள்?

ஊகமில்லை இது. கம்பெனியின் உள் ஆவணங்கள் 2021-ல் வெளியே வந்தன. ஒரு லைக்குக்கு ஒரு மார்க் என்றால், கோபப் பொம்மை உள்பட மற்ற பொம்மைகளுக்கு 2017-லிருந்து ஐந்து மார்க். மார்க் கூடினால் பதிவு இன்னும் பலர் கண்ணில் படும். கோபத்தின் மார்க்கைப் படிப்படியாகக் குறைத்துப் பூஜ்யமாக்க 2020 செப்டம்பர் ஆனது. நடுவில் நம் நாட்டில் ஒரு பொதுத்தேர்தலே முடிந்துவிட்டது, சார்!

நிதானமாக நாலு வரி எழுதியவர் ஓரத்தில் கிடக்க, வசை பாடியவர் நடுக்கூடத்தில் உட்கார்ந்தது இப்படித்தான். அரசியல் எழுதுகிற பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பதில் அவர்கள் கருத்துக்கு வருவதில்லை, உடம்புக்கு வருகிறது.

ஐரோப்பிய யூனியன் 2022-ல் ஒரு சட்டம் போட்டது. எந்த அடிப்படையில் ஒரு பதிவை முன்னால் காட்டுகிறாய் என்பதைக் கம்பெனி சொல்லியாக வேண்டும். நம் டெல்லி 2021-ல் கொண்டுவந்த விதிகளோ பெரும்பாலும் எதை நீக்குவது, புகாரை யாரிடம் கொடுப்பது என்றே பேசுகின்றன. ‘இதை எடு’ என்று கடைக்காரருக்கு ஓலை அனுப்புகிறவர்கள், ‘இது ஏன் மேலே வந்தது?’ என்று ஒரு கடுதாசி போடலாமே.