பச்சை மண்: இலைக்கு அல்ல, முகத்துக்கு

கண்ணாடிப் பலகையில் கொட்டும்போது வெயிலில் காய்ந்த பாசியின் நிறம். ஆளிவிதை எண்ணெய் நாலு சொட்டு விழுந்ததும் கரும்பச்சையாக இருண்டுவிடுகிறது. அதைத் தொட்டு கேன்வாஸில் இழுத்தால், அடியில் போட்ட பென்சில் கோடு அப்படியே தெரிகிறது. 'டெர் வெர்ட்' என்ற பெயரில் விற்கும் பச்சை மண்ணை எண்ணெய் ஓவியத்துக்கு முதன்முதலில் எடுப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். நானும் முதல் வாரமே ஒதுக்கி வைத்தேன். ஆறு மாதம் பழகிய பிறகு சொல்கிறேன்: மரமும் வயலும் வரைய இதை வாங்காதீர்கள். நம் ஊர் முகங்களை வரைய இதைவிட நல்ல பச்சை எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலை ஒன்றின் பெயிண்ட் ஷாப்பில் எனக்கு வேலை. ஷிப்ட் முழுக்க விளக்கடியில் பேனல்களின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மெல்லிய பூச்சிலேயே அடியை மறைத்தால்தான் அங்கே நல்ல நிறம். பென்னலூர் வீட்டு மாடியில் தூரிகை பிடிக்கும்போது அந்தக் கணக்கு உதவவில்லை.

பச்சை மண் இரும்பு கலந்த களிமண் வகைக் கனிமம். குளோக்கோனைட், செலடோனைட் என்ற இரண்டில் ஒன்றாக இருக்கும். முன்னது அரியலூர்ப் பக்கத்துப் பழங்கடல் படிவுகளிலும் உண்டு. பின்னது எரிமலைப் பாறை இடுக்குகளில் விளைவது. அஜந்தாவின் பச்சை இந்த மண்தான். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலர் எஸ். பரமசிவன், 1930களில் சித்தன்னவாசல், தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களை ஆராய்ந்து கண்ட பச்சையும் இதுவே. சோழர் சுவரில் ஆயிரம் ஆண்டு தாங்கிய நிறம் என் கேன்வாஸில் ஏன் கண்ணாடி போல் ஆகிறது என்று ரொம்ப நாள் குழம்பினேன். காரணம் எளிது. இந்த மண்ணின் ஒளிவிலகல் எண் சுமார் 1.6, ஆளிவிதை எண்ணெய்க்கு 1.48. இரண்டும் நெருங்கி இருப்பதால் ஒளி சிதறாமல் ஊடுருவிப் போய்விடுகிறது. சுண்ணாம்புச் சுவர் உலர்ந்ததும் துகள்களைச் சுற்றிக் காற்று இருக்கும். அங்கே ஒளி சிதறும், நிறம் பொலியும்.

வாங்கும்போது கவனம் வேண்டும். இணையத்தில் நான் வாங்கிய முதல் பொட்டலம் சாயம் ஏற்றிய வெறும் களிமண். ஸ்பிரிட்டில் ஒரு சிட்டிகை போட்டதும் பச்சை கரைந்து மேலே வந்துவிட்டது. அசல் மண் அடியில் படியும், மேலே தெளிவாக நிற்கும். டியூப்பாக வாங்கினால் பின்பக்கம் பிஜி 23 என்ற குறியீடு இருக்கிறதா பாருங்கள். பிஜி 7, பிஜி 18 என்று இருந்தால் வேறு பச்சைகளைக் கலந்து அந்தச் சாயலுக்குக் கொண்டு வந்தது. இரண்டாவது பொட்டலத்தில் ஒரு கரண்டியை நேர் நெருப்பில் பத்து நிமிடம் பிடித்தேன். இரும்பு ஆக்சிஜன் ஏற்றுச் செம்பழுப்பாகியது. அதுவும் வீணில்லை, அருமையான நிழல் நிறம்.

அரைப்பது பெரிய பாடு இல்லை. மலக்கைட் போன்ற செம்புப் பச்சையை நைசாக அரைத்தால் வெளிறிவிடும், கரகரப்பாக விட்டால் தூரிகையில் மணலாக உருளும். இந்த மண்ணில் அந்தத் தொல்லை கிடையாது. கண்ணாடிக் குழவியால் கால் மணி நேரம் அரைத்தால் வெண்ணெய் மாதிரி திரளும். ஆனால் எண்ணெயைக் குடிக்கிறது: என் தராசில் 20 கிராம் பொடிக்கு 12 கிராம் போயிற்று. பழைய ஆர்சனிக் பச்சைகள் போல நஞ்சு இல்லை என்றாலும் நுண்தூசி நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க் போட்டே அரையுங்கள்.

பஸ் ஸ்டாப் அருகே இட்லிக்கடை வைத்திருக்கும் அக்காவின் முகத்தை வரைந்தேன். முதல் பூச்சு முழுக்கப் பச்சை மண், நிழலும் வெளிச்சமும் அதிலேயே. போனில் படத்தைக் காட்டினேன்.

"என்ன தம்பி, மூஞ்சில பாசி புடிச்சாப்ல இருக்கு?"

"இது அடிக்கலர்க்கா. மேல இன்னும் வரும்."

1400 வாக்கில் எழுதிய இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி, சதையின் அடியில் இந்தப் பச்சையைப் பூசச் சொல்கிறார். அந்தக் கால ஓவியர்கள் மேலே பூசியது வெளிர் ரோஜா. அது தேய்ந்து மங்கிய பழைய படங்களில் புனிதர்களின் முகம் இன்று பச்சையாகத் தெரிகிறது. நம் மாநிறத்துக்கு மேலே வேண்டியது செங்காவியும் மஞ்சள் காவியும். அடுப்புப் பக்கக் கன்னத்தில் செங்காவியைத் தாராளமாக வைத்தேன். சாலைப் பக்கக் கன்னத்தில் வெறுமே தேய்த்து விட்டேன். அடியிலிருந்த பச்சை கசிந்து தோலுக்கு ஒரு குளிர்ச்சி வந்தது. விரிடியன் என்ற வேறொரு பச்சையை வைத்தும் பார்த்தேன். ஒரு குண்டூசித் தலை அளவு கூடினாலே முகம் நோயாளி முகம். பச்சை மண்ணின் சாயவலு குறைவு, அதனால் கை தவறினாலும் முகம் பிழைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. எண்ணெய் மிகுந்த நிறத்தை அடியில் வைத்தால் மேல்பூச்சு பின்னால் வெடிக்கலாம். டர்பன்டைனில் கரைத்து மிக மெல்லியதாகவே இழுக்கிறேன். ஐப்பசி மழையில் அந்த மெல்லிய பூச்சுகூடத் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர நாலு நாள் ஆயிற்று. வெள்ளையோடு கலந்தால் சாம்பலுக்குப் போய்விடும், தனி நிறமாக மின்னவே மின்னாது. வெயிலுக்கு நிறம் மாறாது. மண் நிறம் என்பதால் விலையும் கடிக்காது.

படம் முடிந்ததும் கடைக்கே எடுத்துப் போனேன். அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டுக் கிட்டே வந்து பார்த்தார். தாடைக்குக் கீழே, கழுத்தோரம் ஒரு விரலகலத்தைக் காட்டி, "இங்க மட்டும் பூசாம விட்டுட்ட பாரு" என்றார். சரியாகத்தான் கண்டுபிடித்தார்: அங்கே முதல் நாள் போட்ட பச்சை மண் மட்டும்தான். அதற்குமேல் அந்த நிழலுக்கு எதுவும் தேவைப்படவில்லை.