ராத்திரி சமைத்த கூழ்

நல்ல கம்மங்கூழில் நாக்குக்கு முதலில் தட்டுப்பட வேண்டியது புளிப்பு. அடுத்து, பல்லுக்கு நொய். உப்பு தொண்டையில் இறங்கும்போதுதான் தெரிய வேண்டும். இந்த வரிசை பிசகாத கூழ் ஒரு சொம்பு கிடைத்தால் போதும், திண்டுக்கல்லின் சித்திரை வெயிலை மத்தியானம் வரை தாங்கிவிடலாம்.

பிரியாணிக்கென்றே இந்த ஊருக்கு வண்டி கட்டி வருகிறவர்கள் உண்டு. ஆனால் கோடையில் இந்த ஊர் தனக்காகச் சமைத்துக்கொள்வது வேறு. நகரத்துக்குள்ளேயே நிற்கும் மலைக்கோட்டைப் பாறை பகலெல்லாம் வெயிலை வாங்கி, பொழுது சாய்ந்த பிறகும் அனலாய்த் தந்துகொண்டிருக்கும். வெப்பம் 40 டிகிரியைத் தொடுகிற கத்திரி நாட்களில் அடுப்படியில் நிற்பதே பெரும்பாடு. அதனால் இங்கத்திய கோடைச் சமையல் அடுப்பிடம் கொஞ்சம்தான் வேலை வாங்கும். மிச்சத்தை ராத்திரியிடமும் வெயிலிடமும் கையிடமும் ஒப்படைத்துவிடும். அதை ஒப்படைக்கத் தெரிவதுதான் இதில் உள்ள கைவண்ணம்.

கூழைப் பாருங்கள். வேடசந்தூர், குஜிலியம்பாறைப் பக்கத்து மானாவாரி நிலங்கள் சோளத்துக்கும் கம்புக்கும் பழகிய பூமி. கம்பின் மேல் தண்ணீர் தெளித்துப் பிசறி, சற்று ஊறவிட்டு உரலில் குத்தினால் உமி கழன்று வரும். முறத்தில் புடைத்துவிட்டு மறுபடி இடிப்பார்கள். இந்த இரண்டாம் இடியில்தான் ருசியின் தலையெழுத்து. முழுக்க மாவாகிவிட்டால் கூழ் பசைபோல ஆகிவிடும்; நொய் பெரிதாகிவிட்டால் அரைவேக்காடு. பாதி நொய், பாதி மாவு என்ற நிலையில் உலக்கையை நிறுத்த வேண்டும். இன்றைக்கு அந்த வேலையை மிக்சி செய்கிறது. அதிலும் விட்டு விட்டு ஓட்டத் தெரிந்த கைக்கு அதே பதம் வரும்.

உலை கொதிக்கும்போது முதலில் நொய். அது வெந்து மலர்ந்த பிறகு, கரைத்து வைத்த மாவு. துடுப்பால் அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே வந்து, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கிவிடுவார்கள். அடுப்பின் வேலை அவ்வளவுதான். ஆறியதும் உருண்டை பிடித்துப் பானைத் தண்ணீரில் போட்டு மூடி வைத்தால், அதன் பிறகு சமைப்பது ராத்திரி. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் மாவுச்சத்தைப் புளிப்பாக்குகின்றன. தானியத்திலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் பிடித்து வைக்கும் பொருளையும் ஓரளவு தளர்த்திவிடுகின்றன. 100 கிராம் கம்பில் சுமார் 6 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. தீட்டிய அரிசியில் 1 மில்லிகிராம்கூட இல்லை. இந்தக் கணக்கெல்லாம் தெரியாமலேயே பானையை மூடி வைத்த பாட்டிமார்களின் கைக்குத் தலைவணங்கத் தோன்றுகிறது.

விடிந்ததும் பானையைத் திறந்தால் மேலே தெளிந்து நிற்பது நீச்சத்தண்ணி. அதை இறுத்து, உப்புப் போட்டு முதலில் குடித்துவிடுவார்கள். பிறகு உருண்டையைக் கையால் உடைத்து, கடைந்த மோர் ஊற்றிக் கரைக்க வேண்டும். கரண்டி இதற்கு உதவாது. கட்டி எங்கே இருக்கிறது என்று விரலுக்குத்தான் தெரியும். நொய்யை நசுக்காமல் மாவை மட்டும் கரைக்கவும் விரலால்தான் முடியும். மார்கழியில் தாமதித்து வரும் புளிப்பு, சித்திரையில் ஒரே ராத்திரியில் வந்துவிடும். அது நாக்கின் ஓரத்தைத் தட்டினால் சரி. மூக்கில் ஏறினால் நேரம் தப்பிவிட்டது என்று பொருள்.

கம்பின் பூர்வீகம் ஆப்பிரிக்கா. சகாராவுக்குத் தெற்கே விளைந்த தானியம், 3,000 ஆண்டுகளுக்கும் முன்பே நம் துணைக்கண்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. நைஜீரியாவிலும் நைஜரிலும் இன்றும் கம்பை வேகவைத்து உருண்டை பிடித்து, புளித்த பாலில் உடைத்துக் கரைத்துக் குடிக்கிறார்கள். ‘ஃபுரா’ என்பது அதன் பெயர். ராஜஸ்தானில் கம்பு மாவை மோரில் கரைத்துக் காய்ச்சி ‘ராப்’ என்கிறார்கள். வெயில் காயும் மூன்று தேசங்கள் ஒரே தானியத்தைப் புளிப்போடு சேர்த்திருக்கின்றன. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது பல ஊர்களுக்குக் கம்பு புதுச் செய்தி. வேடசந்தூர்க்காரருக்கு அது காலைப் பசி.

கூழ் பாதி என்றால் தொட்டுக்கொள்வது பாதி. ராத்திரி கூழைச் சமைத்ததுபோல இதைச் சமைப்பது வெயில். மோர் மிளகாயை எடுத்துக்கொள்ளுங்கள். குண்டு மிளகாயைக் காம்போடு கீறி, உப்பிட்ட புளித்த மோரில் ஊறப்போடுவார்கள். பகலில் மொட்டைமாடி, ராத்திரி திரும்பவும் அதே மோர். பானையில் மோர் வற்றும்வரை இந்தப் போக்குவரத்து. அதற்குப் பிறகு கலகலவென்று சத்தம் வரும்வரை காய்ச்சல். காரம் தணிந்து, புளிப்பும் உப்பும் விதைவரை ஏறியிருக்கும். எண்ணெயில் அது பழுப்பைத் தாண்டிக் கறுப்பைத் தொடப்போகும் நேரத்தில் எடுத்துவிட வேண்டும். ஒரு கணம் முந்தினால் பச்சை வாடை, ஒரு கணம் பிந்தினால் கசப்பு.

கொத்தவரங்காய் வத்தல், சுண்டைக்காய் வத்தல், லேசாகக் கசக்கும் மிதுக்க வத்தல் என்று வரிசை நீளும். இத்தனையும் இருந்தாலும் என் கை முதலில் போவது சின்ன வெங்காயத்துக்கு. திண்டுக்கல் அதன் வியாபாரத்துக்குப் பேர்போன சந்தை. தோலுரித்த வெங்காயம் கடிபடும்போது எழும் காரமும், பின்னாலேயே வரும் தித்திப்பும் கூழின் புளிப்புக்குச் சரியான எதிர்ப்பாட்டு.

மத்தியானச் சோற்றுக்கு இந்தப் பக்கத்தில் ஒரு ரசம் உண்டு. பச்சைப்புளி ரசம். கொதிக்க வைக்காத ரசம். நத்தம் சுற்றுவட்டாரம் புளிக்கும் மாங்காய்க்கும் பெயரெடுத்த பகுதி. அந்தப் புளியில் ஒரு நெல்லிக்காயளவு போதும். ஊறவைத்துத் திட்டமாகக் கரைத்துக்கொள்ள வேண்டும். வரமிளகாய் இரண்டைத் தணலில் சுட்டு, உப்புக்கல்லோடு சேர்த்துக் கையால் நொறுக்க வேண்டும். அதிலேயே நறுக்கிய சின்ன வெங்காயத்தைப் போட்டு, சாறு விடும்படி பிசைய வேண்டும். கறிவேப்பிலை, கொத்தமல்லியைக் கிள்ளி, நுணுக்கிய சீரகத்தைத் தூவி, புளித்தண்ணீரை ஊற்றினால் ரசம் தயார். தாளிப்பும் கட்டாயமில்லை. இதற்கு அடுப்பு தந்தது மிளகாய் சுடும் நேரம் மட்டும். வெங்காயத்தை அரிந்து அப்படியே போட்டால் ரசம் வேறு, வெங்காயம் வேறு என்று மிதக்கும். விரல் பட்டுக் கசங்கினால்தான் இரண்டும் ஒன்றாகும். கூடவே ஒரு பருப்புத் துவையல், கோடையில் மலிந்து கிடக்கும் சுரைக்காயில் ஒரு கூட்டு. சாப்பிட்டு எழுந்தால் கண் செருகாது. வயிறு நிறைந்ததும் தெரியும், கனமும் இருக்காது.

இந்த எளிமையைக் கெடுக்கும் இரண்டு பழக்கங்களைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, பாக்கெட் கம்பு மாவு. கம்பில் எண்ணெய்ப்பசை கூடுதல். அரைத்துப் பல நாள் கிடந்தால் சிக்குவாடையும் கசப்பும் ஏறிவிடும். எவ்வளவு புளிக்க வைத்தாலும் அது மறையாது. முழுத் தானியமாக வாங்கி, வேண்டியபோது உடைப்பதே சரி. இன்னொன்று ஐஸ் கட்டி. குளிர்ச்சி நாக்கை மரக்கவைத்துவிடுகிறது. ஒரு ராத்திரி முழுக்க உழைத்து வந்த புளிப்பு அங்கே தெரியாமலே போய்விடுகிறது. மண்பானை தரும் சில்லிப்பே கூழுக்கு அளவு.

வேப்பமர நிழலில் தள்ளுவண்டி போட்டிருக்கும் கூழ்க்கார அக்கா, சொம்பை நீட்டுமுன் ஒன்று கேட்பார்: “கெட்டியாக் கரைக்கவா தம்பி, தண்ணியாவா?” கெட்டியாகவே கேளுங்கள். “உப்பைக் குறைச்சே போடுங்கக்கா” என்றும் சொல்லிவிடுங்கள், வத்தலில் உப்பு இருக்கிறது. திண்டுக்கல்லுக்குக் கோடையில் வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: பிரியாணி மத்தியானம் வரை காத்திருக்கும், கூழ் காத்திருக்காது. வெயில் ஏற ஏறப் பானைக்குள் புளிப்பும் ஏறிக்கொண்டே இருக்கும். காலை 10 மணிக்குள் போய்விடுங்கள்.