நெஞ்சின் சாட்சியும் வாக்கின் சாவியும்

மனித இருதயம் வஞ்சகமானது என்ற போதனைதான் விசுவாசியை ஒடுக்கிவிட்டது, உள்ளம் சொல்வதை நம்பினாலே போதும், அதுவே கடவுளின் குரல் என்ற பேச்சு இன்று பிரசங்க மேடைகளில் செல்வாக்கோடு உலவுகிறது. குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுவது 17-ஆம் நூற்றாண்டின் பியூரிட்டன் எழுத்து. அந்த எழுத்தை ஊன்றிப் படிப்பவருக்கு இந்த வழக்கு நிற்காது. அது ஊன்றி நிற்கும் எரேமியா 17-ஆம் அதிகாரத்தில் கர்த்தரை நம்புகிறவனின் பாக்கியம் 7, 8 வசனங்களில் வருகிறது. இருதயத்தின் வஞ்சகம் 9-ஆம் வசனத்திலேயே வந்துவிடுகிறது. நம்பத் தகுந்தவர் யார் என்று சொன்ன தீர்க்கதரிசி, நம்பத் தகாதது எது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுகிறார்.

மனிதச் சித்தம் தானே நிமிர்ந்துகொள்ளும் என்ற பெலேஜியஸுக்கு அகஸ்டின் சொன்ன மறுப்பும், நற்செயலுக்குள்ளேயே சுயநலம் ஒளிந்திருப்பதைக் கண்ட லூத்தரின் கலக்கமும் வாசகர் அறிந்தவை. அதிகம் பேசப்படாதவர் டேனியல் டைக். அந்த 9-ஆம் வசனத்தையே விரித்து அவர் எழுதிய தன்வஞ்சனை பற்றிய நூல், அவர் இறந்தபின் 1614-இல் அச்சானது. மனம் தன் குற்றத்துக்குத் தானே சாக்குத் தேடும் வழிகளை இவ்வளவு நுட்பமாகத் துருவியவர்கள் சிலரே. பின்வந்தவர்களில் பலர் நோயறியும் கலையை மட்டும் கற்றுக்கொண்டு மருந்தை மறந்தார்கள். இன்று எவ்வளவு உருகினேன், நேற்றைவிடக் குறைவா என்று பக்கம் பக்கமாகக் கணக்கெழுதிய நாட்குறிப்புகள் சலிப்பூட்டுபவை. வஞ்சகன் என்று தீர்ப்பிட்ட நெஞ்சையே மறுபடி சாட்சிக்கு அழைத்ததுதான் அவற்றின் பிழை.

அந்தப் பிழையிலிருந்து மீண்ட மகத்தான படைப்பு ஜான் பனியனின் 'மோட்சப் பிரயாணம்' (1678). எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' (1894) வழியாக அதன் கதை நமக்கும் சொந்தமானது. அதில் அறியாமை என்றொரு இளைஞன் வருகிறான். துடிப்பானவன், கொடியவன் அல்ல. பரலோகம் கிடைக்கும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கதைநாயகன் கிறிஸ்தியான் கேட்டால், தன் நெஞ்சே சாட்சி என்கிறான். ஆற்றைச் சிரமமின்றிக் கடக்கிறான், நகர வாசல்வரை வருகிறான். காட்டச் சீட்டு இல்லாததால் கை கால் கட்டப்பட்டு நரகத்துக்குப் போகிறான். இன்றைய மேடைப் பேச்சைப் பனியன் அன்றே அளந்துவிட்டார். ஆனால் அவரைக் கடுமையானவர் என்று முடிவுகட்டுவோர் அதே கதையில் வரும் சந்தேகக் கோட்டையை மறக்கிறார்கள். புதன் காலை முதல் சனி இரவுவரை பயணிகள் அவநம்பிக்கை அரக்கனிடம் அடிபட்டுக் கிடக்கிறார்கள். விடியும்வரை ஜெபித்தபின்தான் மடியிலேயே வாக்குறுதி என்ற சாவி இருப்பது கிறிஸ்தியானுக்கு நினைவு வருகிறது. சாவி அவன் மடியில் இருந்தாலும் அவன் செய்தது அல்ல, கொடுக்கப்பட்டது.

கவிஞர் வில்லியம் கூப்பரைக் காட்டி மறுப்போர் உண்டு. கடவுள் தன்னைத் தள்ளிவிட்டார் என்று 1773 முதல் உறுதியாக நம்பி, ஆலயம் போவதையும் விட்டு, 1800-இல் அந்த இருளிலேயே இறந்தவர் அவர். இந்தப் போதனையின் பலியல்லவா அவர் என்கிறார்கள். கனமான கேள்விதான். ஆனால் அவருடைய மனநோய் 1763-இலேயே அவரைத் தற்கொலை முயற்சிவரை கொண்டுபோயிற்று. சுவிசேஷ விசுவாசத்துக்கு அவர் வந்தது அதற்குப் பிறகு. மேலும், நீ தள்ளப்பட்டவன் என்று அவரிடம் சொன்னது வேதம் அல்ல, அவர் நெஞ்சு. நீ நல்லவன் என்று புகழும்போது மட்டுமா இருதயம் பொய் சொல்கிறது? உனக்கு மீட்பில்லை என்று சபிக்கும்போதும் அதே வாய்தான் பேசுகிறது. நம் இருதயம் நம்மைக் குற்றவாளியாகத் தீர்த்தாலும் தேவன் அதைவிடப் பெரியவர் என்று யோவானின் முதல் நிருபம் எழுதப்பட்டது இப்படிப்பட்டவர்களுக்காகவே. உள்ளத்தின் குரலே கடவுளின் குரல் என்று போதிப்பவரிடம், கூப்பரிடம் சொல்ல என்ன இருக்கிறது?