ரிவர்சல் ஆஃப் ஃபார்ச்சூன்: வக்கீலுக்கு ஒரு சாக்கு

1990-ல் வந்த ‘ரிவர்சல் ஆஃப் ஃபார்ச்சூன்’ படத்தைப் பற்றி யார் எழுதினாலும் ஜெரமி அயர்ன்ஸில் ஆரம்பித்து ஜெரமி அயர்ன்ஸிலேயே முடிப்பார்கள். நியாயம்தான், மனிதர் அப்படி நடித்திருக்கிறார், ஆஸ்கரும் வாங்கினார். ஆனால் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருப்பது அவர் நடித்த கிளாஸ் வான் பூலோ இல்லை. அவருடைய வக்கீல் ஆலன் டெர்ஷோவிட்ஸ். ஹார்வர்டு சட்டப் பேராசிரியர், படத்தில் ரான் சில்வர் நடித்திருக்கிறார். ஒரு பெரிய பணக்காரர், எதைச் சொன்னாலும் நிஜமா நடிப்பா என்று பிடிபடாத ஆள், என் கேஸை எடுத்து நடத்துங்கள் என்று வந்து நிற்கிறார். எடுக்கலாமா? எடுத்தால், ஏன் எடுத்தேன் என்று ஊருக்கு என்ன சொல்வது, தனக்குத்தானே என்ன சொல்லிக்கொள்வது? படத்தின் அசல் கதை இதுதான்.

கேஸைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கிளாஸின் மனைவி சன்னி, சுமார் 75 மில்லியன் டாலர் சொத்துக்குச் சொந்தக்காரர். ரோட் ஐலண்டு மாநிலம் நியூபோர்ட்டில் கடலோரத்தில் ஒரு மாளிகை. அங்கே 1979 டிசம்பரில் ஒருமுறை நினைவிழந்து பிழைத்தார். 1980 டிசம்பரில் மறுபடி நினைவிழந்தார், எழவே இல்லை. இன்சுலின் ஊசி போட்டுக் கொல்லப் பார்த்தார் என்று கிளாஸ் மீது வழக்கு. சன்னி இறந்தால் அவருக்கு 14 மில்லியன் டாலர் வரும், காதலியும் உண்டு. 1982-ல் ஜூரி குற்றவாளி என்றது, 30 வருடத் தண்டனை. அப்பீலுக்குத்தான் டெர்ஷோவிட்ஸ் வருகிறார். 1984-ல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. 1985-ல் மறுவிசாரணை, விடுதலை. கிளாஸ் 2019-ல் லண்டனில் இறக்கும்வரை சட்டத்தின் கண்ணில் நிரபராதி.

படத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி நீதிமன்றத்தில் நடப்பதல்ல, டெர்ஷோவிட்ஸின் வீட்டில் நடப்பது. மாணவர்களைக் கூட்டி வைத்திருக்கிறார், அப்பீலைத் தயார் செய்ய வேண்டும். மின்னி என்ற மாணவி எழுந்து, இந்த ஆள் செய்திருக்கிறான், இவனுக்கு நான் வேலை செய்ய மாட்டேன் என்கிறாள். டெர்ஷோவிட்ஸ் முதலில் எல்லா வக்கீலும் சொல்லும் பதிலைச் சொல்கிறார்: அப்பாவிகளுக்காக மட்டும்தான் வாதாடுவோம் என்றால் நாட்டில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வக்கீல்கள் இருப்பார்கள். சரி, இது பழைய பாட்டு. அடுத்து சொல்வதுதான் விஷயம்.

சன்னியின் முதல் திருமணத்துப் பிள்ளைகள் இருவரும் சந்தேகப்பட்டு நேராகப் போலீஸுக்குப் போகவில்லை. மன்ஹாட்டன் மாவட்ட அரசு வழக்கறிஞராக இருந்த ரிச்சர்ட் கூ என்பவரைச் சொந்தக் காசில் அமர்த்தினார்கள். அவர் சாட்சிகளிடம் பேசி குறிப்பு எடுத்தார். ஒரு தனியார் துப்பறிவாளரோடு போய் மாளிகையிலிருந்த கிளாஸின் அலமாரியைத் திறந்து, மருந்தும் ஊசியும் இருந்த கறுப்புப் பையை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் போலீஸ். அதாவது எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்க வேண்டாம் என்று முடிவு செய்தது குடும்பம். டெர்ஷோவிட்ஸின் கோபம் இங்கேதான். இதை விட்டுவிட்டால், நாளைக்குப் பணக்காரனுக்குப் போலீஸே தேவையில்லை, தானே ஒரு போலீஸை வாடகைக்கு வைத்து, வேண்டிய ஆதாரத்தை மட்டும் பொறுக்கி எடுத்து அரசாங்கத்தின் கையில் கொடுத்துவிடுவான்.

இது சும்மா சினிமா வசனம் இல்லை. 1984 தீர்ப்பு நின்றதே இந்த இரண்டு காலில்தான். ஒன்று, கூ எடுத்த குறிப்புகளை எதிர்த்தரப்பு பார்க்கவே விடாமல் மறைத்தது தப்பு. இரண்டு, பையிலிருந்த மாத்திரைகளை அரசுத் தரப்பு வாரண்ட் வாங்காமல் பரிசோதித்தது தப்பு. கிளாஸ் நல்லவரா கெட்டவரா என்று நீதிபதிகள் கேட்கவே இல்லை. இந்த வாதம் கிளாஸுக்குப் பிறகு வரும் எந்த ஏழைக்கும் உதவும். மின்னி உட்கார்ந்துவிடுகிறாள். நானும் உட்கார்ந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் படத்துக்கே இந்த வாதத்தின் மீது முழு நம்பிக்கை இல்லை. அதனால் பக்கத்தில் இன்னொரு கேஸை வைக்கிறது: மரண தண்டனையை எதிர்நோக்கியிருக்கும் இரண்டு கறுப்பின சகோதரர்கள், ஜான்சன் சகோதரர்கள். அவர்களுக்காக டெர்ஷோவிட்ஸ் காசு வாங்காமல் வாதாடுகிறார், அதற்கான செலவு கிளாஸின் ஃபீஸிலிருந்து வருகிறது. பார்ப்பவனுக்கு உடனே நிம்மதி. பணக்காரனிடம் வாங்கி ஏழைக்குக் கொடுக்கிறாரப்பா, அப்புறம் என்ன குறை?

நிஜத்தில் ஜான்சன் சகோதரர்கள் என்று யாரும் இல்லை. அந்தக் காலத்தில் டெர்ஷோவிட்ஸ் வாதாடியது அரிசோனாவின் டிசன் சகோதரர்களுக்காக, அவர்கள் வெள்ளையர்கள். 1978-ல் ஆயுதங்களோடு போய் அப்பாவைச் சிறையிலிருந்து தப்பவைத்தார்கள். வழியில் ஒரு குடும்பத்தின் காரைப் பறித்தபோது அப்பாவும் கூடத் தப்பிய இன்னொரு கைதியும் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அதில் ஒன்று இரண்டு வயதுக் குழந்தை. பிள்ளைகள் சுடவில்லை, ஆனாலும் மரண தண்டனை. சுடாதவனைக் கொல்லலாமா என்ற கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய், 1987-ல் ஒரு ஓட்டு வித்தியாசத்தில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிசன் சகோதரர்களை அப்படியே காட்டியிருந்தால் கிளாஸுக்கு எதிர்முனையில் ஒரு ‘நல்ல’ கட்சிக்காரர் கிடைத்திருக்க மாட்டார். அங்கேயும் ரத்தம், அங்கேயும் சங்கடம். வக்கீல் வேலையே இப்படித்தான், யாரும் சுத்தமாக வருவதில்லை என்று படம் சொல்லியிருக்க வேண்டியிருக்கும். மின்னியிடம் சொன்ன வாதத்துக்கு அதுதான் பொருத்தமும்கூட. அதற்குப் பதில் படம் தோலின் நிறத்தை மாற்றி, ஃபீஸைக் கழுவும் தண்ணீராக அந்தச் சகோதரர்களைப் பயன்படுத்திக்கொண்டது. கொள்கைக்காக எடுத்தேன் என்று சொன்னவர், கூடவே தர்மத்துக்காகவும் எடுத்தேன் என்று ரசீது காட்ட ஏன் நிற்கிறார்?

யார் எடுத்த படம் என்று பார்த்தால் பாதிப் பதில் கிடைக்கிறது. மூலம் டெர்ஷோவிட்ஸே எழுதிய புத்தகம். இணைத் தயாரிப்பாளர்களில் ஒருவர் அவருடைய மகன் எலான். வக்கீலைப் பற்றிய படத்துக்கு வக்கீல் குடும்பமே வக்காலத்து போட்டிருக்கிறது.

மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இயக்குநர் பார்பெட் ஷ்ரோடர் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1974-ல் உகாண்டாவின் இடி அமீனைப் பற்றி ஆவணப்படம் எடுத்தவர். அமீனைத் திட்டாமல், எதிர்க்கேள்வி கேட்டு மடக்காமல், கேமராவுக்கு முன்னால் அவரையே அவர் விருப்பத்துக்கு ஆட விட்டார். ஆடிய ஆட்டமே போதுமானதாக இருந்தது. கிளாஸையும் அப்படித்தான் விடுகிறார். நீங்கள் ரொம்ப விசித்திரமான மனிதர் என்று காரில் வைத்து வக்கீல் சொல்லும்போது, உங்களுக்கு ஒன்றுமே தெரியாது என்கிற மாதிரி அயர்ன்ஸ் ஒரு பதில் சொல்கிறாரே, அந்த இடத்தில் வக்கீலின் கெட்டிக்காரத்தனம் எல்லாம் ஒரு நொடி சின்னதாகிவிடுகிறது.

இதில் தொழில் சார்ந்த நுணுக்கம் ஒன்றும் உண்டு. கிளாஸ் நடந்ததைச் சொல்லத் தயாராக இருக்கும்போது டெர்ஷோவிட்ஸ் முதலில் கேட்க விரும்புவதில்லை. கட்சிக்காரர் வாயால் செய்தேன் என்று வந்துவிட்டால், அதற்கப்புறம் அவரைக் கூண்டில் ஏற்றிச் செய்யவில்லை என்று சொல்லவைக்க முடியாது. தெரியாமல் இருப்பது வக்கீலுக்கு ஒரு சுதந்திரம். நிஜ வாழ்க்கையில் கிளாஸ் இரண்டு விசாரணையிலும் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை.

‘தி லிங்கன் லாயர்’ (2011) நினைவுக்கு வரலாம். அதிலும் பணக்காரக் கட்சிக்காரன், அதிலும் பொய். ஆனால் அங்கே வக்கீலுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது, தெரிந்ததை வெளியே சொல்ல முடியாமல் தொழில் ரகசியம் கையைக் கட்டுகிறது. நல்ல த்ரில்லர்தான். ஆனால் உண்மை தெரிந்த வக்கீலின் பாடு சுலபம், தந்திரம் இருந்தால் போதும். தெரியாத வக்கீல் கடைசிவரை அந்த ஆளோடேயே இருந்தாக வேண்டும்.

ஷ்ரோடர் இந்த விஷயத்தை அதோடு விடவில்லை. 2007-ல் பிரெஞ்சு வக்கீல் ஷாக் வெர்ஜஸ் பற்றி ஒரு முழு ஆவணப்படம் எடுத்தார். நாஜி அதிகாரி கிளாஸ் பார்பிக்காக 1987-ல் வாதாடியவர் வெர்ஜஸ். அந்தப் படத்தில் ஜான்சன் சகோதரர்கள் கிடையாது. வெர்ஜஸ் சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தன்னையே ரசித்தபடி பேசுகிறார். அவருக்காக யாரும் ரசீது நீட்டவில்லை. முன்னதில் மகன் தயாரிப்பில் இருந்ததால் ஷ்ரோடர் விட்டுவைத்த இடத்தை இதில் நிரப்பியதாகவே எனக்குப் படுகிறது. என் ஊகம்தான், ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள்.

டெர்ஷோவிட்ஸ் பின்னாளில் 2008-ல் ஜெஃப்ரி எப்ஸ்டீனுக்குச் சலுகை ஒப்பந்தம் வாங்கிக் கொடுத்த வக்கீல் குழுவிலும் இருந்தார். மின்னியிடம் சொன்ன வாதம் அங்கேயும் செல்லும், சட்டப்படி செல்லத்தான் வேண்டும். பக்கத்தில் நிறுத்த ஒரு ஜான்சன் சகோதரர் மட்டும் அங்கே இல்லை.

படத்தில் இன்னொரு குரல் இருக்கிறது. கதையைச் சொல்வது வக்கீலோ கிளாஸோ இல்லை, சன்னிதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தபடியே க்ளென் க்ளோஸின் குரலில், அமைதியாக, கொஞ்சம் நக்கலாகப் பேசுகிறார். என்ன நடந்தது என்று அவரும் சொல்வதில்லை. டெர்ஷோவிட்ஸின் புத்தகத்துக்குள் அடங்காத குரல் படத்தில் அது ஒன்றுதான். இறந்தவர் கதை சொல்வது சினிமாவில் பழைய உத்தி. ஆனால் படம் வெளியானபோது சன்னி இறந்திருக்கவில்லை. நியூயார்க்கில் ஒரு கட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் 18 வருடம், 2008 டிசம்பர் வரை.