எழுதிய சீட்டும் எழுத மறுத்த சீட்டும்

கடை முதலாளி அழைக்கிறார். கணக்கெழுதும் இளைஞன் வருகிறான். கிரயச் சீட்டு ஒன்று உடனே வேண்டுமாம். துணி விற்றதற்கல்ல, மாடு விற்றதற்கல்ல. தம்மிடம் அடிமையாயிருந்த கருப்பினப் பெண்ணை விற்றுவிட்டார் முதலாளி. வாங்கியவர் காத்திருக்கிறார். இளைஞனின் உள்ளம் மறுக்கிறது; கையோ எழுதுகிறது! ஆண்டுச் சம்பளத்துக்கு அமர்ந்தவன் நான், ஏவியவர் எஜமானர், வாங்குகிறவரோ வயது முதிர்ந்தவர், என் சபையையே சேர்ந்த பக்திமான் — இப்படியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதி முடிக்கிறான். அடிமை வைத்திருப்பது கிறிஸ்து மார்க்கத்துக்கு ஒவ்வாது என்பது தன் கருத்து என்று இருவர் முன்னிலையிலும் கூறவும் செய்கிறான். கூறி என்ன பயன்? சொல் காற்றோடு போயிற்று, சீட்டு செல்லுபடியாயிற்று.

அந்த இளைஞர்தான் ஜான் உல்மன். 1720இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், உழவர் குடும்பமொன்றில் பிறந்தவர். 1772இல் இங்கிலாந்தின் யார்க் நகரில் மறைந்தவர். அவர் எழுதி வைத்த நாட்குறிப்பு 1774இல் பிலடெல்பியாவில் அச்சாயிற்று. அந்த ஏட்டைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

பகுத்தறிவாளர் படிக்கும் ஏட்டில் ஒரு பக்தனின் நாட்குறிப்புக்கு என்ன வேலை என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கத்தான் வேண்டும். பக்தி என்றாலே பகல்வேடம் என்று சொல்லிப் பழகிவிட்டோம். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்துவிடுகிறது. ஆனால் வேடம் போடாத பக்தன் ஒருவன் எதிரே வந்து நின்றால், அவனை எடைபோட நம்மிடம் தராசு இருக்கிறதா? இந்த நூல் என்னை அந்தச் சங்கடத்தில் மாட்டிவிட்டது.

உல்மன் குவேக்கர் குழுவைச் சேர்ந்தவர். தம்மை ‘நண்பர்கள்’ என்று அழைத்துக்கொள்வோர் அக்குழுவினர். உல்மன் காலத்துக் குவேக்கர் கூட்டத்தில் சம்பளம் பெறும் குருமார் இல்லை, பலிபீடம் இல்லை, ஞானஸ்நான நீர் இல்லை. மௌனமாக அமர்ந்திருப்பர், உள்ளம் உந்தியவர் எழுந்து பேசுவார். இடைத்தரகரை ஒழித்த மதம் என்றே சொல்லலாம். அவர்களும் அடிமைகளை வைத்திருந்தார்கள்! பெனிசில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் 1688ஆம் ஆண்டிலேயே சிலர் கண்டன விண்ணப்பம் எழுதினார்கள். சபை அதைக் கிடப்பில் போட்டுவிட்டது. பூசாரியை ஒழித்தால் போதும், புன்மை ஒழிந்துவிடும் என்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

முதற் சீட்டு உல்மன் உள்ளத்தில் முள்ளாய்த் தைத்தது. சில காலம் சென்றபின் சபையைச் சேர்ந்த வாலிபர் ஒருவர் அதே வகைச் சீட்டு எழுதித் தரும்படி வந்தார். உல்மன் மறுத்துவிட்டார். வாலிபரோ, அடிமை வைத்திருப்பது தமக்கும் அவ்வளவு உவப்பில்லைதான், ஆயினும் மனைவிக்கு வந்த அன்பளிப்பாயிற்றே, ஏற்றுக்கொள்ளாதிருப்பது எப்படி என்றாராம்! வீட்டுப் பெண்கள்மீது பழியைப் போட்டுவிட்டுக் கொள்கையைப் பரணில் ஏற்றும் கலை எந்தக் கண்டத்துக்கும் தனியுரிமை அல்ல போலும்.

மற்றொரு முறை, அடிபட்டுப் படுக்கையில் கிடந்த அண்டை வீட்டுக்காரர் மரண சாசனம் எழுதித் தரக் கேட்டார். உல்மன் எழுதினார், அடிமைப் பெண்ணைப் பற்றிய பகுதியை மட்டும் எழுதவில்லை. எழுதியதைப் படுக்கையருகே எடுத்துச் சென்று படித்துக் காட்டி, மனிதரை அடிமையாக்கும் வாசகம் எதையும் என் கையால் எழுத இயலாது என்றார். சாடவில்லை, சபிக்கவில்லை. இருவரும் நெடுநேரம் பேசினார்கள். இறுதியில் அப்பெண்ணுக்கு விடுதலை தர நோயாளி இணங்கினார். உல்மன் சாசனத்தை முடித்துக் கொடுத்தார்.

இந்தப் பக்கத்தைப் படித்தபோது ஏட்டை மூடி வைத்துவிட்டேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பள்ளி ஆசிரியன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பெயர். ஆயுத பூசை அழைப்பை எழுதித் தரும்படி தலைமையாசிரியர் கேட்டார். எழுதினேன். மறுநாள் மாலை மன்றக் கூட்டத்தில் மூடநம்பிக்கை ஒழிப்புப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினேன். அழைப்பும் அடிமைச் சீட்டும் ஒன்றாகுமா? ஆகா, அளவில் மலையும் மடுவுமே. ஆயினும் எழுதியபோது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்கள் — சம்பளம் வாங்குகிறேன், ஏவியவர் மேலதிகாரி, அவரும் நல்லவர்தான் — உல்மன் சொல்லிக்கொண்டவையேதான்.

நூலின் நடைபற்றியும் ஒரு சொல். அடுக்குமொழியில் ஆழ்ந்து கிடக்கும் நமக்கு முதற் பத்துப் பக்கங்கள் சப்பென்றிருக்கும். அலங்காரம் இல்லை, ஆவேசம் இல்லை. ஆங்கிலக் கட்டுரையாளர் சார்லஸ் லாம்ப் இவரது எழுத்தை மிகவும் போற்றியிருக்கிறார். தன்னைப் பற்றியே எழுதும் ஒருவர் தற்பெருமையின் வாடை வீசாமல் முந்நூறு பக்கம் எழுதுவதென்பது எளிதன்று.

வாழ்க்கையும் அவ்வண்ணமே இருந்தது. சொந்தக் கடை வைத்தார், வியாபாரம் பெருகிற்று, பெருகியது பாரமாயிற்று என்று குறைத்துக்கொண்டு, தையல் வேலையோடும் ஆப்பிள் தோட்டத்தோடும் நின்றார். ஒருகாலத்தில் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையைத் தாமே விற்றவர். அது அடிமைகளின் உழைப்பில் விளைந்தது என்பதனால் பின்னாளில் உண்ணவே மறுத்தார். 1757இல் தென்பகுதிகளில் பயணம் செய்தபோது அடிமை வைத்திருப்போர் வீட்டில் தங்க நேர்ந்தால், புறப்படும்போது வெள்ளிக் காசுகளைக் கொடுத்து, உழைத்த அடிமைகளிடம் சேர்க்கச் செய்வார். சில வேளைகளில் தாமே அவர்கள் கையில் கொடுப்பார். விருந்தோம்பலுக்கு விலை கொடுப்பதா என்று வீட்டுக்காரர் முகம் சுளித்திருப்பார்! சாயம் அழுக்கை மறைக்கவே பயன்படுகிறது என்று சாயமேற்றாத உடை அணிந்தார். சாயமிடாத தொப்பியும் வாங்கினார். அந்நேரம் பார்த்து வெள்ளைத் தொப்பி நாகரிக மோகிகளிடையே பரவியிருக்க, இவரும் அந்தக் கூட்டந்தானோ என்று சிலர் ஐயுற்றனராம். பாவம்!

இவ்வளவும் இறைவன் உள்ளிருந்து உணர்த்தியதால் செய்தேன் என்கிறார் உல்மன். இங்கேதான் நாம் நின்று கேட்க வேண்டும். அதே வேதத்தைத்தான் அடிமை முதலாளியும் படித்தார். வர்ஜீனியாவில் ஒருவர், கருப்பர்கள் காயீனின் வழித்தோன்றல்கள், அவர்கள் நிறம் ஆண்டவன் இட்ட அடையாளம் என்று வாதிட்டார். உல்மன் விடவில்லை. வெள்ளத்தில் பிழைத்தது நோவாவின் குடும்பம் ஒன்றே. நோவாவோ சேத்தின் வழிவந்தவர். காயீன் வம்சம் அழிந்துபோயிற்றே என்றார். எதிராளி என்ன செய்தார் தெரியுமா? நோவாவின் மகன் காம் தொலைதூர நாடொன்றுக்குப் போய்க் காயீன் வம்சத்தில் பெண் கொண்டான், அந்த நாட்டுக்கு வெள்ளம் எட்டவேயில்லை என்று புதுப் புராணம் புனைந்தார்! தலையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற கதை கேட்டு வளர்ந்த நமக்கு இந்தக் குரல் புதிதன்று.

இரு தரப்பிலும் வேதம் ஒன்றே. வேறுபட்டது எது? இந்தத் துணியை நெய்தது யார், இந்தச் சர்க்கரைக்கு வியர்வை சிந்தியது யார், இந்த விருந்துக்குக் கூலியின்றி உழைத்தது யார் என்று ஒருவர் கேட்டார், மற்றவர் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு அவர் இட்ட பெயர் ஆண்டவன் குரல். நான் இடும் பெயர் வேறு. ஆனால் பெயரை மாற்றிவிட்டு அவரை நம் அணியில் சேர்த்துக்கொள்வதும் நேர்மையாகாது. அவர் நம்பினார், நம்பியே செய்தார்.

நூலின் பெருங்குறை வேறொன்று. விற்கப்பட்ட அந்தப் பெண்ணின் பெயர் என்ன? எவ்வூர்? அன்றிரவு எங்கே உறங்கினாள்? ஏட்டில் இல்லை. முதலாளியின் மனச்சாட்சி பக்கம் பக்கமாகப் பேசுகிறது. அடிமை வாய் திறப்பதில்லை. உல்மன் காலத்தவரே பெஞ்சமின் லே. 1738இல் சபைக் கூட்டத்துக்கு, குடைந்த புத்தகத்தினுள் செந்நிறச் சாறு நிரம்பிய பையை ஒளித்து எடுத்துவந்து, வாளால் குத்தி, அடிமை முதலாளிகள்மீது குருதிபோல் தெளித்த கலகக்காரர் அவர்! சபை அவரை விலக்கிவைத்தது. நம் இளைஞர்கள் லேயின் பக்கமே சாய்வர், நானும் சாய்கிறேன். உல்மன் வீடு வீடாகச் சென்று இரங்கிப் பேசினார். 1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் அடிமை வாங்கி விற்போரைச் சபை அலுவல்களிலிருந்து ஒதுக்கியது. அடிமை வைத்திருப்பதையே விலக்கியது 1776இல். உல்மன் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து! கனிந்துவரும் இதயத்துக்காகக் காத்திருக்கலாம்; காத்திருக்கும் காலமெல்லாம் சாட்டை ஓய்ந்திருக்கவில்லை.

மற்றொன்று, அம்மை. அம்மைப்பால் குத்திக்கொள்ளும் முறை பரவி வந்த காலம் அது. உல்மனோ அந்த நோயை ஆண்டவனின் தூதனாகக் கருதி, குத்திக்கொள்ளத் தயங்கினார். பாஸ்டன் நகரில் 1721இலேயே அம்முறையை ஆதரித்து நின்றவர் காட்டன் மாதர் என்ற பாதிரியார். அவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒனெசிமஸ் — அவருடைய அடிமை! அடிமையை வைத்திருந்த பாதிரி அடிமையின் அறிவைக் கேட்டுக்கொண்டார். அடிமைக்காகக் கண்ணீர் விட்ட பக்தர் அந்த அறிவைப் பயன்படுத்தாமல், இங்கிலாந்தில் அம்மை கண்டு இறந்தார். இதை எந்தத் தராசில் வைப்பது?

அங்கே அவர் சென்றதும் கப்பலின் அலங்கார அறையில் அல்ல, அடித்தளத்தில் மாலுமிகளோடு. தரையிறங்கியபின் நடந்தே சென்றார். தபால் வண்டிகளில் குதிரைகளும் சிறுவர்களும் படும் பாட்டை அறிந்து, தமக்குத் தபாலில் கடிதம் அனுப்ப வேண்டாமென்றும் கேட்டுக்கொண்டார்.

கடைசியாக ஒரு பக்கம். இறந்தவர் ஒருவரின் சொத்தை நிர்வகித்தபோது, கருப்பினச் சிறுவன் ஒருவனை முப்பது வயதுவரை உழைக்கும்படி உல்மனும் மற்றொருவரும் விற்றிருந்தனர். வெள்ளைச் சிறுவனாயின் இருபத்தொன்றோடு விடுதலை. கூடுதல் ஒன்பது ஆண்டு. கூட்டத்தில் மௌனமாக அமர்ந்திருக்கும்போதெல்லாம் அந்தச் சிறுவன் நினைவில் வந்தான் என்று எழுதுகிறார். பல ஆண்டுகள் கழித்து, தம் பங்கான நாலரை ஆண்டுக்குரிய தொகையை, வாங்கியவருக்குத் தாமே கொடுப்பதாகக் கடன் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டார். மீதி நாலரை ஆண்டு பற்றி நூலில் ஒன்றும் இல்லை.