கெட்டிமேளத்தில் பிசகாத பெட்டி

கனோபஸ் ஏடிவிசி-110 பெட்டிக்கு டிரைவர் என்று ஒன்று தேவைப்பட்டதே இல்லை. பழைய வீடியோ டெக்கிலிருந்து வரும் படத்தையும் ஒலியையும் வாங்கி, மினி டிவி (MiniDV) கேமராக்கள் பயன்படுத்திய அதே ஃபார்மட்டில் ஃபயர்வயர் வழியாகக் கணினிக்குத் தரும். அது மட்டும்தான் அதன் வேலை. 720-க்கு 576, நொடிக்கு 25 ஃப்ரேம், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி என்பதெல்லாம் எடிட்டிங் அறையில் உட்கார்ந்த எவருக்கும் மனப்பாடம். சில வாரங்களாகத் தெரிந்தவர்களின் கல்யாண விஎச்எஸ் கேசட்டுகளை இதில்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். பெட்டிக்கு வயதானதாகவே தெரியவில்லை. கேபிளின் மறுமுனையைச் செருகத்தான் இடம் குறைந்துகொண்டே வருகிறது.

இதை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் சிங்க், அதாவது படமும் ஒலியும் ஒத்துப்போவது. நம் கல்யாண கேசட்டில் முதல் பாதியை முந்தின நாள் ரிசப்ஷன் தின்றுவிடும். தாலி கட்டுவது பிற்பாதியில்தான் வரும். கேப்சர் ஒழுங்காக வந்திருக்கிறதா என்று பார்க்க நான் நேரே அங்கேதான் போவேன். தவில்காரரின் இடது கையைப் பெரிதாக்கி, குச்சி தோலில் படும் ஃப்ரேமில் நிறுத்தி, கீழே ஒலி அலையைப் பார்ப்பேன். சில நூறு ரூபாய் யூஎஸ்பி டாங்கிளில் ஏற்றிய கேசட்டில், அந்த இடம் வருவதற்குள் குச்சி முதலில் விழும், சத்தம் பின்னால் வரும். ஏடிவிசியில் குச்சியும் அலையின் முனையும் ஒரே ஃப்ரேமில் நிற்கின்றன. கேசட்டின் கடைசியில் மணமக்கள் காரில் ஏறும் இடத்திலும் அப்படியே.

காரணம் எளிது. மலிவு டாங்கிள்களில் படத்துக்கு ஒரு கடிகாரம், ஒலிக்கு இன்னொரு கடிகாரம். இரண்டுக்கும் உள்ள நுண்ணிய வித்தியாசம் மணிக்கணக்கில் சேர்ந்து பெரிதாகிவிடும். ஏடிவிசியில் இரண்டும் ஒரே கடிகாரத்தில் பூட்டப்பட்டவை. 48,000 ஹெர்ட்ஸ் ஒலியை 25 ஃப்ரேமுக்குப் பிரித்தால், ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் சரியாக 1,920 ஒலி மாதிரிகள். ஒன்று கூடாது, ஒன்று குறையாது. கனோபஸ் இதை ‘லாக்டு ஆடியோ’ என்று விளம்பரம் செய்தது. விளம்பரத்தில் சொன்னதை இத்தனை காலம் கழித்தும் செய்துகாட்டும் கருவிகள் என்னிடம் அதிகம் இல்லை.

இனி கணினிப் பக்கம். விண்டோஸ் 11-ல் இது ஓடும். டெஸ்க்டாப்பில் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஃபயர்வயர் கார்டு போட வேண்டும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பெட்டிக்கு டிரைவர் வேண்டாம் என்றாலும் கார்டுக்கு வேண்டும். விண்டோஸ் 7 வரை கூடவே வந்த ‘லெகசி’ 1394 (ஃபயர்வயர்) டிரைவரை அதன் பிறகு மைக்ரோசாஃப்ட் தனிக் கோப்பாகத் தந்தது. கேப்சர் தடுமாறினால் டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவருக்கு மாற்றிப் பாருங்கள். பெரிய அப்டேட் எது வந்தாலும், கேசட்டைப் போடுமுன் அது மாறாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கேப்சருக்கு வின்டிவி (WinDV) என்ற குட்டி மென்பொருள் இன்றும் போதும்.

மேக் விஷயத்தில் எனக்குக் கோபம்தான். ஃபயர்வயரை வளர்த்ததில் பெரும்பங்கு ஆப்பிளுடையது. 2001-ல் அதற்காகவே எம்மி பொறியியல் விருதும் வாங்கியது. மேக்கில் ஃபயர்வயர் போர்ட் போன பிறகும் தண்டர்போல்ட் அடாப்டர்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கோத்து வேலை வாங்க முடிந்தது. 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டாஹோவில் ஃபயர்வயர் ஆதரவே இல்லை. அடாப்டர் சங்கிலி முழுதும் கையில் இருந்தாலும் பயன் கிடையாது. வீட்டு வீடியோவை எடிட் பண்ணலாம் என்று உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த நிறுவனம், அந்த வீடியோக்கள் உள்ளே வரும் வாசலைத் தானே அடைத்திருக்கக் கூடாது. பழைய மேக் வைத்திருப்பவர்கள் டாஹோவுக்கு முந்தைய செக்கோயாவோடு நின்றுவிடுங்கள்.

எனக்குக் கடைசியில் நிம்மதி கிடைத்தது லினக்ஸில். பழைய திங்க்பேட் மடிக்கணினிகள் சிலவற்றில் 4 முனை ஃபயர்வயர் போர்ட் இருக்கும். அதில் மின்சாரம் வராது, ஆகவே பெட்டிக்குத் தனி பவர் அடாப்டர் வேண்டும். உபுண்டுவில் டிவிகிராப் (dvgrab) என்ற கேப்சர் மென்பொருளை நிறுவி, டேப்பை ஓட்டும் கட்டளைகளை அனுப்பாதே என்று அதற்குச் சொல்லிவிட்டால் போதும். பெட்டிக்குள் டேப் எதுவும் இல்லையே! லினக்ஸ் கெர்னலில் ஃபயர்வயர் பகுதியைப் பராமரிப்பவர் 2029 வரை அதைக் கவனித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அலமாரி நிறைய கேசட் உள்ளவர்கள் அந்த ஆண்டை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பக்கம் ஃபயர்வயர், மறுபக்கம் யூஎஸ்பி என்று இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் விற்கும் கேபிளை யாரும் வாங்காதீர்கள். இரண்டும் வேறுவேறு பாஷை பேசுபவை. நடுவில் மொழிபெயர்க்கும் சிப் எதுவும் அந்தக் கேபிளில் கிடையாது. போதாததற்கு, 6 முனை ஃபயர்வயரில் 30 வோல்ட் வரை வரலாம். யூஎஸ்பி தாங்குவது 5 வோல்ட். படம் வராதது மட்டுமல்ல, போர்ட்டே கருகிப்போகலாம். இது சாமான்யர்களை ஏமாற்றும் வியாபாரம்.

பெட்டியின் குறையையும் சொல்லிவிடுகிறேன். ஆடும் படத்தை நிலைப்படுத்தும் டைம் பேஸ் கரெக்டர் இதில் இல்லை. பூஞ்சை பிடித்த, பலமுறை காப்பி எடுத்த கேசட்டில் படம் நெளிந்தால் நெளிந்தபடியே ஏறும், சில இடங்களில் உறைந்து நிற்கும். டெக்குக்கும் இதற்கும் நடுவில் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை வைத்து அதன் வழியாகப் படத்தை அனுப்பினால் பல கேசட்டுகள் நிமிர்ந்துவிடுகின்றன. எல்லா ரெக்கார்டரும் இதற்கு உதவாது.

பழையது வாங்குவதானால் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். அடியில் குட்டிச் சுவிட்சுகள் வரிசையாக இருக்கும். அவற்றில் ஒன்று வீடியோ முறையைத் தேர்ந்தெடுப்பது. அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த பெட்டி என்டிஎஸ்சியில் இருக்கலாம். நம் கேசட்டுகள் பால் (PAL) முறையில் பதிவானவை. படம் சரியாக வரவில்லை என்று பெட்டியைத் திருப்பி அனுப்பும் முன் அந்தச் சுவிட்சை மாற்றி, பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.