கூத்தும் பேராதனை மாணவரும்

பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மாணவரைக் கொண்டு தயாரித்த 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்' (1964) ஆகியன கூத்து மரபின் மீட்சியாகவே பெரிதும் பேசப்படுகின்றன. அவற்றில் ஆடிய மாணவரின் அனுபவமும் ஆராயத்தக்கது. கற்றோர் பலர் பாமரர் கலையென ஒதுக்கிய கூத்தை, மட்டக்களப்பிலிருந்து வந்த சி. மௌனகுரு போன்றோர் பல்கலைக்கழக மாணவராக ஆடினர். ஊர்க் களரியின் கலை உயர்கல்விக்கு இழுக்கன்று என்னும் உறுதியை அம்மேடை அவர்களுக்கு அளித்தது.

எனினும், வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்பட்ட கூத்து, படச்சட்ட மேடைக்கேற்பச் சில மணி நேரத்துள் சுருங்கியது, பார்வையாளரும் மாறினர். ஆகவே இம்முயற்சியின் நிறைவை மாணவர் பெற்ற மதிப்பால் மட்டும் அளத்தல் தகாது. அக்கலையைக் காத்துக் கையளித்த அண்ணாவிமாரும் ஊராரும் அதனாற் பெற்றது யாது என்பதையும் கொண்டே அளத்தல் வேண்டும்.